அடுத்த படை

ஏப்ரல் 6, சனி

இனியும் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கில்லை. பதினோரு ஆண்டுகளாக இந்தக் கழகத்துக்கு நான் செய்ததை வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பது இன்று தெரிந்துவிட்டது. நானே தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நேரம் வரும்போது எல்லோரும் படிக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக முதலில் ஒன்று. கோயம்புத்தூரில் மயில்சாமியின் பேக்கரிக்கு மேலே மாடி அறையில் சனிக்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிறோம். ஆறடிக்கு நாலடி மேசை, அட்டை மலை, பஞ்சுக் காடு, கட்டைவிரல் உயரத்தில் படைவீரர்கள். அவரவர் படைக்கு அவரவரே வண்ணம் தீட்ட வேண்டும். அளவுகோல் வைத்து நகர்த்திப் பகடை உருட்டிப் போர் செய்கிறோம். கீழே பன் வாங்க வருகிறவர்கள், "எருமைக்கடா வயசுல பொம்மை வெச்சு வெளையாடறாங்க" என்பது மேலே நன்றாகவே கேட்கும்.

விளையாட்டு வெளிநாட்டுடையது. விதிநூல் நூற்றெழுபது பக்கம், ஆங்கிலம். பழைய மாணவன் ஒருவன் அனுப்பிய அந்த ஒரே பிரதியை வைத்துக்கொண்டு அதைத் தமிழாக்கி 'நிழற்படை' என்று பெயர் வைத்தவன் நான். குட்டை மனிதர்களுக்குக் குறளர், சிறகு முளைத்த பாம்புக்குப் பறநாகம், செத்து எழுந்தவர்களுக்குப் பிணப்படை. எல்லாம் என் சொற்கள். இரண்டு கோடை விடுமுறைகள் அதில் போயின. 'புலவர்' என்று எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். கேலி என்று தெரிந்தும் பொறுத்துக்கொண்டேன்.

இன்று மயில்சாமி தட்டில் பன்பட்டரோடு மேலே வந்து சொன்னார்: "புலவரே, புது எடிசன் வந்துருச்சுங்க. நம்ம தாமரையே தமிழ்ல போட்டிருச்சு. குரூப்புல இருக்குது பாருங்க."

தாமரைச்செல்வி கணினி நிறுவனம் ஒன்றில் கையேடு எழுதுகிற பெண். சேர்ந்து இரண்டே ஆண்டு. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"கேக்கலாம்னுதான் சார் இருந்தேன். நீங்க பேப்பர் திருத்தற நேரம்னு மயிலண்ணன் சொன்னாரு."

நான் தமிழ் கற்பிக்கும் கல்லூரியில் என்னைவிட ஒன்பது வயது இளையவனைத் துறைத்தலைவர் ஆக்கியபோதும் இதே கரிசனம்தான் காட்டினார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

முழுவதும் படித்தேன். 'கலக்கம்' என்று நான் தலைப்பிட்ட அத்தியாயத்துக்கு அந்தப் பெண் 'பயந்து ஓடுவது' என்று வைத்திருக்கிறாள். உள்ளே: 'ஒரு யூனிட் ஓடினால், அதிலிருந்து ஆறு இஞ்சுக்குள் நிற்கும் உங்கள் யூனிட் எல்லாம் டைஸ் போட வேண்டும். தோற்றால் அவையும் ஓடும்.' இது தமிழா?

என் வாக்கியம்: 'ஒரு படை கலையுமிடத்து, அடுத்த படை நெஞ்சுறுதி சோதிக்கப்படும்.' ஏழே சொற்கள்.

நடையை விடுவோம். விதியே மாறிவிட்டது. பழைய பதிப்பில் ஒவ்வொரு படைக்கும் ஒரு சீட்டு உண்டு. சுற்று தொடங்கும்முன் சீட்டுகளை வரிசையாக அடுக்குவோம். அந்த வரிசையில்தான் படைகள் நகரும். ஒரு படை கலைந்தால் சீட்டு வரிசையில் அடுத்து வரும் படை பகடை உருட்ட வேண்டும். என்னுடைய குறளர் படையில் கிழட்டுக் காவலர் என்று இரண்டு பிரிவு. அவர்கள் எதற்கும் அஞ்சமாட்டார்கள். பலவீனமான ஒவ்வொரு சீட்டுக்குப் பின்னும் ஒரு காவலர் சீட்டை வைப்பேன். பயம் அங்கேயே நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் மேசைமீது மொத்தப் படையையும் தோளோடு தோள் நெருக்கிச் சுவராக நிறுத்துவேன். 'புலவர் மதில்' என்பார்கள். எட்டு ஆண்டுகளில் அந்த மதிலை உடைத்தவர்கள் மூன்று பேர்.

புதுப் பதிப்பில் சீட்டே இல்லை. ஆறு அங்குலத்துக்குள் நிற்பவை எல்லாம் சோதனை போட வேண்டும் என்றால், என் மதிலில் எல்லாமே ஆறு அங்குலத்துக்குள்தான் நிற்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

சிறுவாணித் தண்ணீர் ஐந்து நாள் கழித்து வந்தது. பிடித்து வைத்தேன். விடைத்தாள் நாற்பது.

ஏப்ரல் 13, சனி

தாமரைச்செல்வியோடு முதல் ஆட்டம். இரண்டாம் சுற்றிலேயே இடது ஓரத்து ஈட்டிக்காரர்கள் கலைந்தார்கள். பக்கத்தில் கோடரிக்காரர்கள். அவர்கள் ஓட, வில்லாளர்கள். பத்து நிமிடத்தில் மேசையில் காவலர் மட்டும் நின்றார்கள், நடுவில், சுற்றிலும் ஒருவரும் இல்லாமல்.

"சார், கொஞ்சம் தள்ளித்தள்ளி நிறுத்திப் பாருங்க," என்றாள். எனக்கு.

ஏப்ரல் 18, வியாழன்

சாப்பாட்டு மேசையைக் காலி செய்து, உப்பு ஜாடியும் ஊறுகாய் பாட்டிலும் மலையாக வைத்து, இரண்டு படையையும் நானே ஆடிப் பார்த்தேன். மூன்று அமைப்புகள்.

சதுரங்கக் கட்டம் போல ஒன்று விட்டு ஒன்று: குறளருக்குக் கால் குட்டை, ஒரு நகர்வுக்கு நான்கு அங்குலம்தான். இடைவெளியில் எதிரி புகுந்தால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இரண்டு கொத்து: ஒரு கொத்து போனால் பாதிப்படை போகிறது.

ஒரு படையை மட்டும் முன்னால் தள்ளிப் பலி கொடுப்பது: கொஞ்சம் தேவலை. ஆனால் என் கை பழக்கத்தில் மற்றவற்றை மறுபடி நெருக்கி வைத்துவிடுகிறது. இரண்டு முறை கவனித்தேன்.

மனைவி ஓசூரிலிருந்து பேசினாள். மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம். "என்ன பண்றீங்க" என்றாள். விடைத்தாள் என்றேன்.

ஏப்ரல் 27, சனி

வெள்ளியங்கிரி திரும்பி வந்திருக்கிறார். மயில்சாமி போய் அழைத்தாராம். புதுப் பதிப்பு, புதுக் கணக்கு, பழையதெல்லாம் விடுங்க என்று.

அவர் படி ஏறி வரும்போதே யாரோ, "ஏய், அடுத்த பஸ் வந்துருச்சுடா!" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளியங்கிரியும் சிரித்தார். மீசை நன்றாக நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா புலவரே?" என்றார். இருக்கிறேன் என்றேன்.

இதையும் எழுதி வைக்க வேண்டியதுதான். ஏழு ஆண்டுகளுக்கு முன் பெங்களூர்ப் போட்டிக்கு அணி தேர்ந்தெடுத்தார்கள். ஓர் இடம் பாக்கி. எனக்கும் வெள்ளியங்கிரிக்கும் கடைசி ஆட்டம். கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார் அவர். ஆங்கிலம் தெரியாது. என் தமிழாக்கத்தை மனப்பாடமாக வைத்திருந்த ஒரே ஆள். நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் கழகத்தில் சேர்ந்தவர்கள். நான்கு ஆண்டு அவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துதான் பேக்கரிக்குப் போவேன். அவருடைய பிணப்படைப் பெட்டியை என் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளம் வந்தால் அவர் கத்துவார்: "புலவரே, பிணம் பத்திரம்!"

அன்று அவருடைய பிணப்படை என் ஈட்டிக்காரர்களைக் கலைத்தது. நான் சீட்டு வரிசைப்படி காவலருக்குப் பகடையை எடுத்தேன். அவர் கையைப் பிடித்தார்.

"இருங்க புலவரே. அடுத்த படைன்னுதானே போட்டிருக்குது? கோடரிக்காரந்தானுங்க அடுத்தாப்ல நிக்கறான். அவந்தானே டைஸ் போடோணும்?"

"சீட்டில் அடுத்தது காவலர்."

"சீட்டுன்னு எங்கீங்க போட்டிருக்குது? அடுத்த வீடுன்னா பக்கத்து வீடுதானுங்களே?"

"அடுத்த பஸ் என்றால் பக்கத்து பஸ்ஸா?" என்றேன்.

மாடியே அதிர்ந்தது. மயில்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வெள்ளியங்கிரி மட்டும், "இங்கிலீசுல என்ன போட்டிருக்குதுன்னு பாத்துட்டாத் தீந்துச்சு. புக்கக் கொண்டாங்க," என்றார். வீட்டில் இருக்கிறது என்றேன். எழுதியவன் நானே சொல்கிறேன், இன்னும் என்ன புத்தகம் என்றும் கேட்டேன். காவலர் அஞ்சவில்லை. மதில் நின்றது. நான் பெங்களூர் போனேன்.

அவருக்கு 'அடுத்த பஸ்' என்று பெயர் நிலைத்தது. இன்னும் மூன்று சனிக்கிழமை வந்தார். பிறகு வரவில்லை. என் வீட்டுக்கும் வரவில்லை. நானாக யாரையும் போகச் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

மே 4, சனி

வெள்ளியங்கிரி மூன்று ஆட்டம் ஆடி மூன்றிலும் வென்றார். ஏழு ஆண்டு பகடையைத் தொடாத மனிதர்.

அவர் நிறுத்தும் விதம் அன்றும் இன்றும் ஒன்றேதான். ஒவ்வொரு படைக்கும் நடுவில் முழங்கையை வைத்து அளந்து சந்து விடுவார். "சந்துல ஆட்டோ போகுதுடா" என்று அன்றைக்கு எல்லோரும் கிண்டல் செய்வார்கள். இப்போது அதே சந்துதான் அவர் படையைக் காப்பாற்றுகிறது. ஒன்று ஓடினால் மற்றது அசைவதில்லை.

தாமரைச்செல்வி கேட்டாள்: "அண்ணா, ஒரே வாரத்துல எப்பிடிப் புதுசுக்கு மாறுனீங்க?"

"நான் எங்க கண்ணு மாறுனேன்? சாரோட புக்கப் படிச்சப்ப எனக்கு இப்பிடித்தான் புரிஞ்சுது. அப்பிருந்தே இப்பிடித்தான்."

எல்லோருக்கும் எல்லாமே மாறியிருக்கிறது. இவருக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதிர்ஷ்டம் என்று இதைத்தான் சொல்வார்கள்.

மே 7, செவ்வாய்

கேஸ் தீர்ந்தது. பதிவு செய்தேன். வெளியில் இட்லி.

மே 11, சனி

தாமரைச்செல்வி தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். புதுப் பதிப்பின் முன்பக்கத்தில் மாறிய விதிகளைப் பதினான்காகப் பட்டியலிட்டிருக்கிறார்கள்.

"சீட்டு எடுத்தது ரெண்டாவதா இருக்கு சார். வில்லு, மந்திரம் எல்லாம் இருக்கு. ஆனா பயந்து ஓடற ரூல் லிஸ்ட்லயே இல்ல."

"விட்டுவிட்டார்கள்."

"இவ்வளவு பெரிய மாத்தத்தையா?"

"அச்சகத்தாரின் அலட்சியத்துக்கு நான் பொறுப்பா?"

அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எரிச்சல். "இல்ல சார், உங்க பழைய இங்கிலீஷ் புக் ஒரு தடவை குடுத்தீங்கன்னா, ரெண்டையும் வெச்சுப் பாத்து ஒரு பக்கம் போட்டுடுவேன். நெட்ல தேடிட்டேன், பழசை எடுத்துட்டாங்க."

மயில்சாமி தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெள்ளியங்கிரி ஜன்னலோரத்தில் ஒரு பிணத்தின் கையை ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"கரையான் தின்றுவிட்டது," என்றேன்.

மே 12, ஞாயிறு

என் மொழிபெயர்ப்பில் பிழை இருப்பதாகச் சொல்ல வருகிறார்கள். அதுதான் நோக்கம். நூற்றெழுபது பக்கத்தில் ஒரு பிழை காட்டட்டும், எழுதுவதையே நிறுத்துகிறேன்.

புத்தகம் அலமாரியின் மேல்தட்டில், சர்ட்டிபிகேட் கோப்புகளுக்கு அடியில் இருக்கிறது. கரையான் தொடவில்லை. நான் எடுக்கவும் இல்லை.

மே 16, வியாழன்

பொம்மைகளைத் துடைத்தேன்.

மே 19, ஞாயிறு

எடுத்தேன். அறுபத்து மூன்றாம் பக்கம்.

என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

ஆங்கிலத்தில் அங்கே இருக்கும் சொல்லுக்கு ஒட்டி நிற்பது என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஓரத்தில் என் பென்சில் எழுத்து, பதினோரு ஆண்டுக்கு முந்தையது: 'அடுத்த. அடுத்தல்: நெருங்கல், ஒட்டல். "அருகிலுள்ள" தளர்வு, இது இறுக்கம்.' கீழே இரண்டு கோடு. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டுச் சந்தோஷப்பட்டுக் கோடு போட்டிருக்கிறேன்.

தமிழ் சரியாக இருந்தது. அதைச் சரியாகப் படித்த ஒரே ஆள் லேத்துப் பட்டறைக்காரர்.

மற்றவர்கள் சீட்டைப் பார்த்து 'அடுத்தது' என்று தாமாகவே எடுத்துக்கொண்டார்கள். எப்போது என்று நினைவில்லை. என் படைக்கு அது வசதியாக இருந்தது. நான் திருத்தவில்லை. பிறகு எனக்கும் அப்படியே பழகிவிட்டது. மறந்துவிட்டேன். மறப்பது குற்றமில்லை.

மே 20, திங்கள்

விடைத்தாள் அறுபது. ஒரு பையன் மூன்றாம் கேள்விக்கு விடை தெரியாமல் கேள்வியையே இரண்டு முறை எழுதி வைத்திருக்கிறான். அரை மதிப்பெண் போட்டேன்.

மே 25, சனி

இந்த ஆண்டுப் பெங்களூர் அணிக்குத் தேர்வு. கடைசி இடத்துக்கு மறுபடியும் நானும் வெள்ளியங்கிரியும். மயில்சாமி வேண்டுமென்றே அப்படிச் சீட்டுக் குலுக்கினாரா தெரியவில்லை.

ஆறு வாரம் பழகிய அமைப்பை நிறுத்தினேன். ஈட்டிக்காரர் தனியாக முன்னால். கோடரி வலது மலையோரம். வில் பின்னால். காவலர் நடுவில். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஏழு அங்குலம், அளவுகோல் வைத்து அளந்தது. யாரோ, "புலவர் மதில்ல சந்து உளுந்துருச்சு" என்றார்கள். மூன்று சுற்று தாக்குப்பிடித்தேன். நான்காம் சுற்றில் பிணக்குதிரைகள் நெருங்கவும் கோடரியைக் காவலர் பக்கம் நெருக்கினேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது. அடுத்த நகர்விலேயே வில்லையும் நெருக்கினேன். வெள்ளியங்கிரி எடுத்த பகடையைக் கீழே வைத்தார்.

"அதைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கறீங்களா புலவரே? இன்னும் டைஸ் போடுல."

ஆட்டம் ஆட்டம்தான், உருட்டுங்கள் என்றேன். உருட்டினார். கோடரி ஓடியது, வில் ஓடியது. தோற்றேன்.

எல்லோரும் கீழே டீ குடிக்கப் போனார்கள். அவரும் நானும் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"புலவரே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"புக்கு கரையான் தின்னுருச்சுன்னீங்க. செரி, அது போகுது. உங்களுக்கு நெனப்பிருக்குமல்ல. அன்னிக்கு நான் கேட்டனே, அந்த எடத்துல இங்கிலீசுல எப்பிடித்தானுங்க போட்டிருந்துச்சு? வரிசைல அடுத்ததுன்னா?"

அவர் கையில் ஒரு பிணம் இருந்தது. கேட்டுவிட்டு அதைப் பஞ்சில் வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"ஆமா," என்றேன். "வரிசைல அடுத்ததுன்னுதான்."

அவர் தலையை ஆட்டினார். பொம்மையை வைத்தார். பெட்டியை மூடினார்.

"அப்பச் செரிங்க. ஏழு வருசமா உங்களை மனசுக்குள்ள வைஞ்சுட்டே இருந்தனுங்க. பட்டறையில நட்டு முடுக்கறப்பக்கூட ஞாபகம் வந்துரும். படிச்ச மனுசன் வேணும்னே ஏமாத்திப்போட்டாருன்னு. என்ற வீட்டுக்காரி சொல்லுவா, அவருக்கு என்னத்துக்கு உங்களை ஏமாத்தோணும்னு. அவ சொன்னதுதான் செரியாப் போச்சு. தப்பு எம்மேலதானுங்க. மன்னிச்சுக்கோங்க."

கை நீட்டினார். நான் பிடித்தேன்.

"விடுங்க வெள்ளியங்கிரி," என்றேன். அந்தச் சொற்களைச் சொன்ன குரல் என்னுடையதுதான். பெருந்தன்மையாகக்கூட இருந்தது.

படி இறங்கும்போது அவர் சொன்னார்: "பெங்களூருக்கு நீங்களும் வரோணும். அங்க எவனாவது ரூல்ஸ் பேசுனா நான் என்னத்தச் சொல்றது? நீங்கதான் பேசோணும்."

மே 26, ஞாயிறு

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 29, புதன்

தண்ணீர் வந்தது. பிடிக்கவில்லை.

ஜூன் 1, சனி

போகவில்லை. மயில்சாமி இரண்டு முறை அழைத்தார். எடுக்கவில்லை. பிறகு குரல்பதிவு அனுப்பியிருந்தார்: "என்னாச்சுங் புலவரே, வெள்ளியங்கிரி உங்களுக்குனு பன்னு எடுத்து வெச்சிருக்கறாரு. தோத்ததுக்கா வராம இருக்கறீங்க? சின்னப் புள்ளையாட்ட." பின்னால் சிரிப்பு. யாரோ 'அடுத்த பஸ்' என்று சொல்வதும், வெள்ளியங்கிரி, "ஆமாங், நானே ஒத்துக்கிட்டன், தப்பு எம்மேலதான்" என்று உரக்கச் சொல்வதும் கேட்டது. எல்லோரிடமும் சொல்லிவிட்டிருக்கிறார்.

மூன்று முறை கேட்டேன்.

ஜூன் 2, ஞாயிறு

மே 19 அன்று 'மறந்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆனால் அது உண்மையில்லை.

அன்று அவர் என் கையைப் பிடித்து, 'அடுத்தாப்ல நிக்கறான்' என்றபோது எனக்குத் தெரிந்தது. பென்சில் கோடு கண்முன் வந்தது, பக்கத்தின் இடது ஓரம், கொஞ்சம் மேலே. ஒரு மூச்சு இழுக்கும் நேரம். 'ஆமாம், நீங்கள் சொல்வதுதான் சரி' என்று சொல்ல அதைவிடக் குறைந்த நேரம் போதும். அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் பஸ்ஸைப் பற்றிப் பேசிவிட்டது. அது நல்ல நகைச்சுவை. அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்ன எதற்கும் யாரும் அப்படிச் சிரித்ததில்லை.

பெங்களூரில் முதல் சுற்றிலேயே தோற்றேன். அங்கே எல்லோரும் ஒட்டி நிற்பதற்குத்தான் பகடை உருட்டினார்கள். அது அந்த ஊர் வழக்கம் என்று இங்கே வந்து சொன்னேன்.

ஏழு ஆண்டு முன்னால் செய்ததற்காவது அவசரத்தைக் காரணம் சொல்லலாம். மே 25 அன்று ஓர் அவசரமும் இல்லை. மாடியில் இரண்டு பேர். ஜெயிக்க ஆட்டமும் இல்லை, தோற்றாயிற்று. அவர் எதையும் கேட்கவில்லை, ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டார். நான் அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஜூன் 5, புதன்

புத்தகத்தைத் தாமரைச்செல்வியிடம் கொடுத்துவிடலாம் என்று பேருந்து நிறுத்தம்வரை போனேன். கொடுத்தால் அவள் கேட்பாள்: கரையான்? அதற்கொரு பதில் என்னிடம் தயாராக இருந்தது. பதில் இவ்வளவு எளிதாகத் தயாராவது கண்டு திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

இன்றும் போகவில்லை. குறளர் நாற்பத்திரண்டு பேரையும் பெட்டியில் வைத்தேன். ஒருவரையொருவர் உரசாமல் நடுவே பஞ்சு வைத்து அடுக்கினேன். இனி யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த மாடியில் வேலை இல்லை. சனிக்கிழமைக்கு வேறு ஏற்பாடும் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

கழகத்தின் இணையப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். காலையிலிருந்து உட்கார்ந்து ஏப்ரல் 6 முதல் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். துறைத்தலைவரைப் பற்றிய வரியை எடுக்கலாம் என்று நினைத்தேன். தாமரைச்செல்வியின் தமிழைப் பற்றியதையும். எடுக்கவில்லை. அதையெல்லாம் எழுதிய அதே ஆள்தான் இதையும் செய்தான் என்பது தெரிய வேண்டும். அறுபத்து மூன்றாம் பக்கத்தைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன், பென்சில் எழுத்து தெளிவாகத் தெரியும்படி.

எழுதியவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

யார் எழுதியது என்று மூன்றாவது வரியிலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதில் எனக்கு மயக்கம் இல்லை. ஆனால் பெயர் போட்டால் இது மன்னிப்புக் கேட்பது ஆகிவிடும். கேட்டால் வெள்ளியங்கிரி கொடுத்துவிடுவார். நாளைக் காலையிலேயே ஸ்கூட்டரை என் வாசலில் நிறுத்தி, "அட விடுங்க புலவரே" என்பார். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஒருமுறை அவருடைய கையைப் பிடித்தவன் மறுபடியும் பிடிப்பேன்.

அவருக்கு வர வேண்டியது, அவர் சரியாகப் படித்தார் என்ற செய்தி மட்டும். அதற்கு என் பெயர் தேவையில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்புகிறேன்.